சின்னப்பையனைக் கம்ப்யூட்டருக்குள் விட்ட ஜெயலக்ஷ்மி

ஜெயலக்ஷ்மியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உள்ளதை உள்ளபடி வரைந்துவிடுவாள்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஸ்கூட்டருக்கு சென்டர் ஸ்டாண்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக அவள் டிரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தருகிற படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் சுத்தமாகப் பிரதி எடுக்கிற வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு தடவை ஏதோ லைசென்சுக்காகப் பட்டறையின் வரைபடம் வேண்டும் என்றார்கள். போட்டாள். மெஷின், தூண், கதவு எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. கூடவே கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்த பக்கெட்டும், ஸ்டோர்ஸ் ஜன்னலில் படுக்கிற பூனையும், மத்தியானம் வாட்ச்மேன் தூங்குகிற பெஞ்சும் இருந்தன. பெஞ்சுக்கு நீளம் அகலம்கூட எழுதியிருந்தாள். பார்க்க வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். கணவர் ஸ்ரீகிருஷ்ணா கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. மனுஷர் வாயைத் திறந்தால் கிண்டல்தான். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால்கூட, "நூத்திரண்டா? பரவால்லையே, நீ எதுலயும் நூத்துக்குக் கீழே வாங்க மாட்டியே" என்பார். ஒரே பெண் மதுவந்தி பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் பொதுத்தேர்வு.

அந்த வருஷம்தான், அதாவது தொண்ணூற்றேழில்தான், முதலாளி சிதம்பரநாதன் ஜப்பானிலிருந்து ஒரு ரோபோ வாங்கினார்.

சிதம்பரநாதன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடும்பத்துக்கு தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை. தம்பிகள் எல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் இரும்பில் ஆசைப்பட்டுக் கிண்டிக்கு வந்தார். ஆள் வந்தாரே தவிர, ஜவுளிக்கடை அவரை விட்டுப் போகவில்லை. லேத் மெஷின் வாங்கினாலும் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இதுல வேற பார்டர் இல்லையா" என்று கேட்காத குறையாகத்தான் வாங்குவார். இப்போது வெல்டிங் வைக்கிற ரோபோவுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. கப்பலில் ஏறிவிட்டது. வந்து சேர மூன்று மாதம். அது வருவதற்குள் அதை எங்கே நிறுத்துவது, கை எவ்வளவு தூரம் எட்டும், ஒரு ஸ்டாண்டு செய்ய எத்தனை நொடி ஆகும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம், அதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது என்று சொன்னார் அவருடைய மருமகன் வெங்கடேஷ். அமெரிக்காவில் எம்.எஸ். படித்துவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமும் டையைக் கழற்றியவர் இல்லை.

சாஃப்ட்வேர் விலையைக் கேட்ட சிதம்பரநாதனுக்கு மூச்சு முட்டியது. "கையில தொட முடியாத சாமானுக்கா இம்புட்டு?" என்றார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு இன்னொன்றும் சொன்னார். கம்ப்யூட்டர் வந்தபின் கிண்டியில் டிராயிங் ஆபீஸ் எதற்கு? மேஜை, தாள், மை, டிரேசர்கள் நான்கு பேர் எல்லாரும் ஹோசூர் யூனிட்டுக்குப் போகட்டும். கம்ப்யூட்டர் அறையில் ஒரே ஒரு நாற்காலி. சாஃப்ட்வேர் விற்கப் பம்பாயிலிருந்து ஒரு கம்பெனியும் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியும் வரப்போகின்றன; யாருடையது ஜெயிக்கிறதோ அவர்கள் சொல்லுகிற ஆள் அதில் உட்காரட்டும்.

மற்ற மூன்று டிரேசர்களுக்கும் ஹோசூர் கசக்கவில்லை. ஒருத்தருக்கு அங்கேயே மாமனார் வீடு, இரண்டு பேர் கிருஷ்ணகிரிக்காரர்கள். ஜெயலக்ஷ்மிக்குத்தான் அது ஆகாது. கணவருக்கு மயிலாப்பூரில் நிரந்தர வேலை, பெண்ணுக்குத் தேர்வு. ஹோசூர் என்றால் லேடீஸ் ஹாஸ்டல், சனிக்கிழமை ராத்திரி பஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா. வேலையை விட்டுவிடலாம் என்றால் ஒரு சம்பளத்தில் சென்னையில் குடித்தனம் நடத்துகிற வித்தை கணக்கு வாத்தியாருக்கே தெரியாது.

முதலில் பம்பாய்க்காரர்கள் வந்தார்கள். பெரிய மானிட்டர், சூட் போட்ட இரண்டு பேர், வழவழப்பான புத்தகங்கள். கம்ப்யூட்டர் அறை வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஏ.சி. அறைக்குத் தூசி ஆகாது என்பது வெளியே சொல்லுகிற காரணம். மானிட்டரின் நெற்றியில் குங்குமம் இருந்தது என்பது உள்ளே போனால் தெரியும்.

சிதம்பரநாதன் மனைவி சுந்தரவல்லியையும் அழைத்து வந்திருந்தார். நாற்பது வருஷமாக அந்த அம்மாள் எடுத்த சேலையோ பாத்திரமோ எதுவும் சோடை போனதில்லை என்பது அவருடைய கணக்கு. சாஃப்ட்வேர் மட்டும் என்ன விதிவிலக்கா?

திரையில் ஆரஞ்சு நிற ரோபோ பளபளவென்று எழுந்து நின்றது. நிழல்கூட விழுந்தது. வெல்டிங் பொறி பறந்தது. அடேயப்பா, தீபாவளிதான். சுந்தரவல்லி அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வேற கலர் இருக்கா?" என்றாள்.

சூட்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பச்சையாக்கிக் காட்டினார்.

"கிளிப்பச்சை இல்ல. கொஞ்சம் அமுங்கின பச்சை."

அமுங்கின பச்சை வந்தது. பிறகு மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல் நிறம். முக்கால் மணி நேரம் அந்த ரோபோ நிறம் மாற்றிக்கொண்டே இருந்தது. பம்பாய்க்காரருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஏ.சி. அறையில்! வரப்போகிற ரோபோ ஏற்கெனவே ஆரஞ்சு பெயிண்ட் அடித்துக்கொண்டு நடுக்கடலில் இருக்கிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

"ஒரு ஸ்டாண்டுக்கு முப்பத்தாறு செகண்ட், மாமா. மணிக்கு நூறு பீஸ்" என்றார் வெங்கடேஷ். சிதம்பரநாதனின் முகம் மலர்ந்தது. நூறு என்பது வட்டமான எண்.

மறுநாள் பெங்களூரிலிருந்து சாய்நாத் வந்தார். ஒற்றை ஆள். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த சி.பி.யூ., வாடகை மானிட்டர். அவருடைய ரோபோவுக்கு நிறமும் இல்லை, உடம்பும் இல்லை. வெறும் கோடுகள், துணி கிழிந்துபோன குடை மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே போலக் கோடு கோடாக, ஒரு மனிதன் நின்றான்.

"இது என்ன?" என்றார் வெங்கடேஷ்.

"ஆபரேட்டர் சார். ரோபோ பக்கத்துல வேலை செய்யற ஆளு. நடக்க வெக்கலாம், குனிய வெக்கலாம்."

"ரோபோ வாங்கறதே ஆள் வேண்டாம்னுதானே? அப்புறம் எதுக்கு ஆள்?"

சாய்நாத் கோட்டு மனிதனைக் குனிய வைத்துக் காட்டினார். சுந்தரவல்லி அம்மாள் வேறு, "அந்த ஆளுக்கு உடுத்த ஒண்ணுமே இல்லையே" என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அளவு நாடாவோடு ஓரமாக நின்ற ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை.

"சார், இந்த ஆளை நாம சொல்ற மாதிரி என்ன வேணா செய்ய வைக்கலாமா?"

"என்ன வேணா மேடம்!" என்றார் சாய்நாத். அன்றைக்கு அவரை மதித்து ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சிதம்பரநாதன் ஜவுளிக்கடை நியாயப்படி தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு வாரத்துக்குச் சரக்கை வைத்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை பம்பாய்ச் சரக்கை ஓட்டிப் பார்க்கட்டும். பெங்களூர்ச் சரக்கை யார் பார்ப்பது? "அம்மா, நீங்கதான் கேள்வி கேட்டீங்க. நீங்களே பாருங்க. வெள்ளிக்கிழமை ராகு காலம் போன பொறவு முடிவு பண்ணுவோம்" என்றார்.

அதைக் கேட்டதும் ஜெயலக்ஷ்மி அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய ஹோசூர் இப்போது அவள் கையிலேயே இருந்தது.

சாய்நாத் இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். டிரேசிங் போட்ட கைக்குக் கோடு புதிதா? சுட்டெலியைப் பிடித்த முதல் மணி நேரம்தான் தடுமாற்றம். ரோபோ, வேலி, ஸ்டாண்டின் இரும்புத் துண்டுகளை இறுக்கிப் பிடிக்கிற சட்டம் (பட்டறையில் அதை ஜிக் என்பார்கள்) எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டாள். ஓட்டினால் முப்பத்தாறு நொடி. அதே நூறு. மிச்சம் அந்தக் கோட்டு மனிதன்தான். அவனை நிஜமாக்க வேண்டும். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு சின்னப்பையனிடம் போனாள்.

சின்னப்பையனுக்கு வயது ஐம்பத்தாறு. பேரன் எடுத்தாயிற்று. முப்பத்தொரு வருஷமாக வெல்டர். ரோபோ வந்ததும் அதற்குத் துண்டு வைத்து எடுக்கப்போகிறவர் அவர்தான்.

ஜெயலக்ஷ்மி பக்கத்தில் நின்று பார்த்தாள். சின்னப்பையன் துண்டுகளை ஜிக்கில் உட்கார வைத்தார், இறுக்கினார், இரண்டடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் ஏதோ மறந்தவர் போல முன்னால் குனிந்து, ஜிக்கை வலது கையால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் வெல்டிங். அடுத்த துண்டுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே. நாற்பது துண்டு பார்த்தாள், நாற்பது கும்பிடு.

"சின்னப்பையன், ஒவ்வொரு பீஸுக்கும் இப்படித்தானா?"

"இன்னாமா கேக்கிற? சோறு போட்ற ஜிக்கு. தொடாம எப்டி?"

"காலைல ஒரு தடவை கும்பிட்டாப் போதாதா?"

"காலைல ஒரு தபா துன்னுட்டு ராவிக்கு சும்மா கீறமா?"

"சரி, துண்டு வைக்கிறதுக்கு முன்னாலயே கும்பிட்டுடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"காலி ஜிக்க யாராச்சும் கும்புடுவாங்களா? குந்த வெச்ச பொறவுதாம்மா" என்றார் சின்னப்பையன், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்து.

ஜெயலக்ஷ்மி ஏ.சி. அறைக்குத் திரும்பினாள். கோட்டு மனிதனைத் துண்டு வைக்கச் சொன்னாள், பின்னால் நகரச் சொன்னாள், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். ஓட்டினாள். அங்கேதான் வந்தது வினை. ஆள் வேலிக்கு வெளியே வந்ததும் ரோபோ கிளம்பிவிடும். அவன் மறுபடி கையை நீட்டினால், ஆபத்து என்று பயந்து அது அப்படியே நின்றுவிடும். கை போனதும் தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கும்பிட நாலு நொடி, ரோபோ முறைத்துக்கொண்டு திரும்பிவரப் பதின்மூன்று நொடி. ஆக மொத்தம் ஐம்பத்துமூன்று. மணிக்கு அறுபத்தெட்டு பீஸ்.

பெங்களூருக்கு போன் போட்டாள். சாய்நாத் கதறாத குறை. "மேடம், அந்த ஆளை எடுத்துடுங்க மேடம்! ஒரு பட்டன்தான். நூறு வந்துடும். அறுபத்தெட்டைக் காட்டி யார் மேடம் சாஃப்ட்வேர் விப்பாங்க?"

"ஆள் இருக்காரே சார்."

"கும்பிடறதையாவது எடுங்க!"

"கும்பிடறாரே சார்."

அன்று மாலை வீட்டில் சொன்னாள். ஸ்ரீகிருஷ்ணா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடினார். "ஆக, உன் ஹோசூர் டிக்கெட்டை நீயே கியூவில நின்னு வாங்கிண்டிருக்கே. ஜன்னலோர சீட்டா கேட்டு வாங்கிக்கோ" என்றார்.

"வெளையாடாதேங்கோ. பொய்யா ஒரு நம்பரைக் காட்டிட்டு நான் எப்படி அந்த நாற்காலில உக்காந்துண்டிருக்கறது?"

"நான் எங்கே பொய் சொல்லச் சொன்னேன்? ஹோசூர்ல மல்லிப்பூ சீப்புங்கறா. அதைத்தான் சொல்லிண்டிருக்கேன்."

ஜெயலக்ஷ்மிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்த மனுஷருக்கு எதுதான் உறைக்கும்? நான் போனால் இவருக்கு என்ன, கிண்டல் பண்ண ஆள் கிடைக்காது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே புரண்டு புரண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். ராகு காலம் போய்விட்டது. செருப்புகள் வாசலில், ஆட்கள் உள்ளே. வெங்கடேஷ் முதலில் காட்டினார். துண்டு வானத்திலிருந்து தானாக இறங்கி ஜிக்கில் உட்கார்ந்தது. பொறி பறந்தது. முடிந்த துண்டு தானாக வானத்துக்கு ஏறியது. மணிக்கு நூறு. அந்த வாரத்துக்குள் ரோபோவுக்கு வெங்காயத் தோல் நிறமும் அடித்து வைத்திருந்தார், மாமியாருக்காக. சமர்த்து.

பிறகு ஜெயலக்ஷ்மி. கோட்டு மனிதன் வந்தான், வைத்தான், நகர்ந்தான், குனிந்தான், கும்பிட்டான். ரோபோ நின்றது. திரும்பியது. மறுபடி கிளம்பியது.

"அறுபத்தெட்டு" என்றாள்.

சிதம்பரநாதன் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, ஒருத்தன் நூறு படி கறக்குத மாட்டைக் காட்டுதான், ஒருத்தி அறுபத்தெட்டு படி கறக்குத மாட்டைக் காட்டுதா. நான் எதை வாங்கட்டும்?"

"ரெண்டும் ஒரே மாடுதான் சார்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "சின்னப்பையன் கும்பிடுவார். அதை அவங்க படத்துல போடலை. நான் போட்டிருக்கேன்."

"ஆளை ஒழுங்கா டிரெய்ன் பண்ணினா முப்பத்தாறுதான் மாமா!" என்றார் வெங்கடேஷ்.

எல்லாம் முடிந்தது என்று ஜெயலக்ஷ்மி நினைத்தாள். ஹாஸ்டல் அறை கண்ணில் வந்து நின்றது. அப்போது மூலையிலிருந்து சுந்தரவல்லி அம்மாள் பேசினாள்.

"தோள்ல போட்டுப் பாக்காம எவளாவது சேலை எடுப்பாளா? ரெண்டு பேரும் டிவில காட்டுதீங்க. கட்டிப் பாப்போம், வாங்க."

ரோபோதான் கப்பலில் இருக்கிறதே, எதைக் கட்டிப் பார்ப்பது? அம்மாள் மருமகனை மேலும் கீழும் பார்த்தாள். "மாப்ள நிக்காக. கை நல்லா நீளந்தான்."

இதற்கு மேல் நடந்ததை அந்தத் தொழிற்பேட்டையில் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பட்டறைத் தரையில் ஜெயலக்ஷ்மி சாக்பீஸால் வேலி வரைந்தாள், அளவு பிசகாமல். நடுவில் ஒரு கள்ளிப்பெட்டியின் மேல் வெங்கடேஷ் ஏறி நின்றார், டையோடு. கையில் நீளமான ஒட்டடைக்குச்சி. முன்னால் சின்னப்பையனின் ஜிக். துண்டு வைத்துவிட்டு ஆள் கோட்டுக்கு வெளியே போனதும் ரோபோ குச்சியை நீட்டி, அந்த சாஃப்ட்வேர் சொன்ன கணக்குப்படியே பதினெட்டு இடங்களில் தொட்டுத் திரும்ப வேண்டும். கை உள்ளே வந்தால் நிற்க வேண்டும், பழைய இடத்துக்குப் போக வேண்டும். கால் மணி நேரம் ஓட்டம். ஸ்டாப்வாட்ச் சிதம்பரநாதன் கையில்.

"போலாம் ரைட்" என்றார் சின்னப்பையன்.

முதல் துண்டு. வைத்தார், நகர்ந்தார். வெங்கடேஷ் குச்சியை நீட்டினார். சின்னப்பையன் குனிந்து தொட்டுக் கும்பிட்டார். ரோபோ நின்றது, திரும்பியது, மறுபடி நீட்டியது. ஐந்தாவது துண்டில் வெங்கடேஷின் டை குச்சியில் சிக்கியது. எட்டாவதில் வேலையை நிறுத்தி எல்லா மெஷின்காரர்களும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். பத்தாவதில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாவதில் ரோபோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ்! கும்பிடறதை நிறுத்தித் தொலைய்யா!"

சின்னப்பையன் நிதானமாக நிமிர்ந்தார். "நீ ரோபோ நைனா. நீ பேசக் கூடாது" என்றார்.

சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சிதம்பரநாதன் மட்டும் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். கால் மணியில் பதினேழு துண்டு. நாலால் பெருக்கினால் அறுபத்தெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. "இவன் பழகிப்போனவன். வேற ஆளு வெச்சா நூறு வரும். தள்ளு, நான் வைக்கேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். துண்டை எடுத்தார். ஜிக்கில் உட்கார வைத்தார். கோட்டுக்கு வெளியே நகர்ந்தார். வெங்கடேஷ் குச்சியை நீட்டினார்.

சிதம்பரநாதன் சட்டென்று குனிந்து, ஜிக்கைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டு வளர்ந்த கை அது. அதற்கு யார் உத்தரவு கொடுக்க வேண்டும்? தாம் செய்தது அவருக்கே தெரியவில்லை. எதிரே மாப்பிள்ளை குச்சியோடு சிலையாக நிற்பதைப் பார்த்து, "என்ன மாப்ளே நின்னுட்டீங்க?" என்று கேட்டார். சுற்றியிருந்த அத்தனை பேரும் அவருடைய கையையே பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கை இன்னும் முகத்தருகேதான் இருந்தது.

"அட முருகா" என்றார் சிதம்பரநாதன். அப்படியே கள்ளிப்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மூணு மாசம் கழிச்சு, அம்புட்டுப் பணமும் போட்ட பொறவுல்லா எனக்கு இது தெரிஞ்சிருக்கும்? ஏம்மா, இதுக்கு வழி உண்டா?"

வழியைப் பற்றி ஜெயலக்ஷ்மி சில நாளாகவே யோசித்திருந்தாள். சொல்லத்தான் யாரும் கேட்கவில்லை. ஜிக்கிலிருந்து ஒரு கம்பியை வேலிக்கு வெளியே நீட்டிவிடலாம். ரோபோ வேலை பார்க்கட்டும்; சின்னப்பையன் வெளியே நின்று கம்பியைத் தொட்டுக் கும்பிடட்டும். கோட்டு மனிதனை அப்படியும் ஓட்டிப் பார்த்திருந்தாள். கம்பிக்குத் தள்ளி நகர மூன்று நொடி கூட, முப்பத்தொன்பது. மணிக்குத் தொண்ணூற்றிரண்டு வரும்.

"கம்பியைத் தொட்டா ஜிக்கைத் தொட்ட மாதிரி ஆகுமா?" என்று சின்னப்பையனைப் பார்த்துக் கேட்டார் முதலாளி. பட்டறையே அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது. நூறு ஆட்கள் வேலை செய்யும் கம்பெனியின் எதிர்காலம் அந்த நேரத்தில் ஒரு வெல்டரின் மனசாட்சியில் இருந்தது என்றால் மிகையில்லை.

சின்னப்பையன் தாடையைச் சொறிந்தார். "போல்ட்டுல மாட்டுனா ஆவாது. அது வேற இரும்பு, இது வேற இரும்பு. வெல்டிங் வெச்சா ஒரே இரும்பு. நானே வெக்கிறேன், எவனையும் தொட வுடாத."

அவ்வளவுதான், தீர்ந்தது. பெங்களூர்ச் சரக்கே இருக்கட்டும், நாற்காலியில் இந்த அம்மாவே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு, சிதம்பரநாதன் மேனேஜரிடமிருந்து ஹோசூர் லிஸ்டை வாங்கினார். ஜெயலக்ஷ்மியின் பெயரைப் பட்டையாக அடித்தார். அடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கள்ளிப்பெட்டியின் மேல் இன்னும் குச்சியோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு இடம் காலியாகுதே. மாப்ளே, ஹோசூர் நல்ல குளிர் தெரியுமா? டை கட்டுறதுக்குத் தோதான ஊரு. ரெண்டு மாசம் அங்க பட்டறையில நின்னு ஆளுக எப்படி வேலை பாக்குதாங்கன்னு பாத்துட்டு வாங்க."

சுந்தரவல்லி அம்மாள் தலையை ஆட்டினாள். வெங்காயத் தோல் நிறம் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜெயலக்ஷ்மி நேராக ஆபீஸ் போனுக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்து நம்பரைச் சுற்றினாள். பியூன் போய் வகுப்பிலிருந்து ஸ்ரீகிருஷ்ணாவை அழைத்து வர நாலு நிமிஷம் ஆயிற்று. மூச்சிரைக்க வந்து "ஹலோ" என்றார். அந்த ஒரு குரலைக் கேட்டதும் ஒரு வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துவிட்டது. விசும்பல்தான் வந்தது.

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஜெயா, அழாதே. இதோ பார், அழாதே" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. குரலில் கிண்டல் மருந்துக்குக்கூட இல்லை. "நான் ஹெட்மாஸ்டர்ட்ட திங்கக்கிழமையே பேசிட்டேன். மார்ச்சு வரைக்கும் நீ எப்படியாவது சமாளி. மது பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே நான் ராஜினாமாவைக் கொடுத்துட்டு அவளை அழைச்சுண்டு அங்கே வந்துடறேன். கணக்கு எல்லா ஊர்லயும் கணக்குதான். ஹோசூர்ல நாலு பிள்ளை டியூஷனுக்குக் கெடைக்காதா? நீ இல்லாம இந்த ஆத்துல நான் என்ன பண்ணப்போறேன், சொல்லு."

ஜெயலக்ஷ்மி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷர் இப்படி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் பேச விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பாவம், வகுப்பில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள்.

"ஏன்னா, அந்த ராஜினாமாவை எழுதிட்டேளா?"

"எழுதி பையில வெச்சிண்டிருக்கேன்."

"கிழிச்சுப் போட்டுடுங்கோ" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "சாயங்காலம் வரச்சே ரசத்துக்கு அரைக் கிலோ தக்காளி வாங்கிண்டு வாங்கோ. நான் ஆறரைக்கெல்லாம் வந்துடுவேன்."